ரியோ பிராங்கோ பிரபு

ரியோ பிராங்கோ பிரபு என அறியப்படும் ஜோசே மரியா டா சில்வா பரான்யோஸ் ஜூனியர் (ஏப்ரல் 20, 1845 – பெப்ரவரி 10, 1912) பிரேசில் நாட்டின் தூதரும், வரலாற்றாசிரியரும், வெளியுறவு அமைச்சரும் ஆவார். பிரேசிலுக்கும் அதன் அண்டை நாடுகளுக்கும் இடையே குடியேற்றக் காலம் முதல் தொடர்ந்து வந்த எல்லைப் பிணக்குகளுள் பெரும்பாலானவற்றைப் போரின்றி, நடுவர் தீர்ப்பின் மூலமாகவும் நேரடிப் பேச்சுவார்த்தை மூலமாகவும் தீர்த்து வைத்தவர் இவர். 1902 முதல் இறக்கும் வரை, நான்கு குடியரசுத் தலைவர்களின் ஆட்சிக் காலங்களில் தொடர்ந்து வெளியுறவு அமைச்சராகப் பணியாற்றினார். பிரேசிலின் இன்றைய நில எல்லைகள் பெரும்பாலும் இவரது காலத்தில் உறுதி செய்யப்பட்டவை. பிரேசில் நாட்டுத் தூதுவத்துறையின் தந்தையாக இவர் கருதப்படுகின்றார்.

பெயரும் பட்டமும்

இவரது தந்தையின் பெயரும் ஜோசே மரியா டா சில்வா பரான்யோஸ் என்பதேயாகும். தந்தை பிரேசில் பேரரசில் ரியோ பிராங்கோ விசுக்கவுன்ட் என்னும் உயர்குடிப் பட்டம் பெற்றவர். மகனுக்கு 1888 ஆம் ஆண்டில் பாரன் பட்டம் வழங்கப்பட்டது. அடுத்த ஆண்டே முடியாட்சி வீழ்ந்து, புதிய குடியரசு பட்டங்களை ஒழித்தது. எனினும் இவர் ரியோ பிராங்கோ என்பதைத் தமது பெயரின் பகுதியாகவே ஆக்கிக்கொண்டு, அவ்வாறே கையொப்பமிட்டு வந்தார். மக்களும் குடியரசு அரசும் இவரைப் பிரபு என்றே தொடர்ந்து அழைத்தனர்.

பிறப்பும் இளமையும்

பரான்யோஸ் 1845 ஏப்ரல் 20 அன்று பேரரசின் தலைநகரான ரியோ டி ஜனேரோவில் பிறந்தார். தந்தை அரசியலாளர், தூதர், இதழாளர் எனப் பல துறைகளிலும் விளங்கியவர். 1871 முதல் 1875 வரை பிரதமராக இருந்தவர். அடிமைப் பெண்களுக்குப் பிறக்கும் குழந்தைகள் இனி அடிமைகள் அல்லர் என்ற 1871 ஆம் ஆண்டுச் சட்டம் அவரது ஆட்சியில் நிறைவேறியது.

மகன் தலைநகரின் இரண்டாம் பெத்ரோ கல்லூரியில் பயின்றபின், சாவோ பாவுலோவில் சட்டப் படிப்பைத் தொடங்கி, 1866 இல் ரெசிஃபே நகரில் அதனை நிறைவு செய்தார். சட்டத்தை விட வரலாற்றிலும் புவியியலிலுமே இவருக்கு ஆர்வம் மிகுதியாக இருந்தது. போர்களைப் பற்றிய குறிப்புகளையும் பழைய நிலப்படங்களையும் மாணவப் பருவத்திலேயே திரட்டத் தொடங்கினார். சிறிது காலம் ஆசிரியராகவும் அரசு வழக்கறிஞராகவும் பணியாற்றிய பின்னர், 1869 இல் மாட்டோ குரோசோ மாகாணத்தின் சார்பில் நாடாளுமன்ற உறுப்பினரானார். பராகுவே போர் முடிவுறும் தறுவாயில், அமைதி ஏற்பாடுகளுக்காகச் சென்ற தந்தையுடன் செயலாளராகச் சென்றார். அரசுகளுக்கு இடையிலான பேச்சுவார்த்தைகளை இவர் அருகிலிருந்து கண்டது இதுவே முதன்முறை.

லிவர்பூலில் துணைத்தூதர்

1870களின் தொடக்கத்தில் மரி பிலோமின் ஸ்டீவன்ஸ் என்ற பெல்ஜிய நாட்டு நடிகையுடன் இவருக்கு உறவு ஏற்பட்டது. இருவருக்கும் பிள்ளைகள் பிறந்தனர். திருமணமோ 1889 ஆம் ஆண்டில்தான் நடைபெற்றது. அன்றைய உயர்குடிச் சமுதாயம் இதனை இழுக்காகக் கருதியது. ஒழுக்கத்தில் கண்டிப்பு மிக்க பேரரசர் இரண்டாம் பெத்ரோ, இவருக்கு வெளிநாட்டுப் பதவி வழங்கத் தயங்கினார். 1876 இல் பேரரசர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது, ஆட்சிப் பொறுப்பிலிருந்த இளவரசி இசபெல்லின் கையொப்பத்துடன் லிவர்பூல் நகரின் துணைத்தூதர் பதவி இவருக்குக் கிடைத்தது.

பிரேசிலின் வணிகத்தில் முக்கிய இடம் வகித்த துறைமுகம் லிவர்பூல் ஆகும். வருவாய் மிகுந்த அப்பதவியில் இவர் பல ஆண்டுகள் நீடித்தார். குடும்பம் பாரிசில் வாழ்ந்தமையால் அங்கும் நெடுநாள் தங்கினார். ஐரோப்பாவில் கழித்த இக்காலம் இவரது பிற்கால வெற்றிகளுக்கு அடித்தளமாக அமைந்தது. ஐரோப்பிய ஆவணக்காப்பகங்களில் பிரேசில் தொடர்பான நிலப்படங்கள், உடன்படிக்கைகள், கடிதங்கள் ஆகியவற்றைத் தேடிப் படியெடுத்தார். பராகுவே போர் குறித்த ஒரு ஜெர்மானிய நூலின் போர்த்துக்கேய மொழிபெயர்ப்புக்கு விரிவான குறிப்புகள் எழுதினார். 1889 பாரிஸ் உலகக் கண்காட்சியை ஒட்டி வெளியான நூலுக்குப் பிரேசில் வரலாற்றுச் சுருக்கம் ஒன்றை எழுதியளித்தார். பிரேசில் வரலாற்று நிகழ்வுகளை நாள்வாரியாகத் தொகுத்து 1891 முதல் நாளிதழில் வெளியிட்டார்.

பல்மாஸ் பிணக்கு (1893–1895)

தென் அமெரிக்காவில் எசுப்பானிய, போர்த்துக்கேய ஆட்சிப் பகுதிகளின் எல்லையை 1750 ஆம் ஆண்டு மத்ரித் உடன்படிக்கை வகுத்தது. இவ்வுடன்படிக்கை பல இடங்களில் ஆறுகளையே எல்லையாகக் குறித்தது. ஆனால் உட்பகுதிக் காடுகளில் எந்த ஆறு எது என்பதில் ஐயம் நிலவியது. பெப்பிரி-குவாசு என்ற ஆற்றை முதலில் சென்ற அளவையாளர்கள் ஓரிடத்திலும், பின்னர் வந்த எசுப்பானிய அளவையாளர்கள் அதற்குக் கிழக்கே வேறோரிடத்திலும் அடையாளம் கண்டனர். இவ்விரு ஆறுகளுக்கும் இடைப்பட்ட ஏறத்தாழ 30,000 சதுர கிலோமீட்டர் நிலப்பகுதியைப் பிரேசில் பல்மாஸ் என்றும், அர்ஜென்டினா மிசியோனெஸ் என்றும் அழைத்து, இரு நாடுகளும் உரிமை கோரின.

1890 இல் இரு நாடுகளும் நிலத்தைப் பங்கிட்டுக்கொள்ள ஓர் உடன்படிக்கை செய்தன. பிரேசில் நாடாளுமன்றம் அடுத்த ஆண்டில் அதனை நிராகரித்தது. இதனால் பிணக்கு ஐக்கிய அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் நடுவர் தீர்ப்புக்குச் சென்றது. பிரேசில் தரப்பின் தலைவர் வாஷிங்டனில் இறந்துவிடவே, 1893 இல் ரியோ பிராங்கோ அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். அதுவரை பொதுமக்களிடையே அதிகம் அறியப்படாத ஒரு துணைத்தூதராகவே இவர் இருந்தார். எதிர்த்தரப்பில் அர்ஜென்டினாவின் புகழ்பெற்ற சட்ட அறிஞர் எஸ்டனிஸ்லாவோ செபாயோஸ் வாதிட்டார்.

1750 உடன்படிக்கைப் பேச்சுவார்த்தையின்போது இரு அரசுகளும் பயன்படுத்திய 1749 ஆம் ஆண்டு நிலப்படம் இவ்வழக்கில் முதன்மைச் சான்றாக அமைந்தது. உடன்படிக்கையில் பெயர் குறிப்பிடப்பட்ட ஆறு எதுவென அதை எழுதியவர்கள் எவ்வாறு கருதினர் என்பதையே ரியோ பிராங்கோ நிறுவ முற்பட்டார். அத்துடன் அப்பகுதியில் வாழ்ந்தவர்கள் பெரும்பாலும் பிரேசில் மக்களே என்பதையும் எடுத்துக்காட்டினார். 1895 பெப்ரவரி 5 அன்று குடியரசுத் தலைவர் குரோவர் கிளீவ்லாந்து பிரேசிலுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தார். அர்ஜென்டினா இத்தீர்ப்பை ஏற்றுக்கொண்டது. ரியோ பிராங்கோ நாடெங்கும் அறியப்பட்டவரானார்.

அமாப்பா பிணக்கு (1895–1900)

பிரேசிலுக்கும் பிரெஞ்சு கயானாவுக்கும் இடையிலான எல்லை, 1713 ஆம் ஆண்டு உத்ரெக்ட் உடன்படிக்கையால் வகுக்கப்பட்டது. அதில் எல்லையாகக் குறிக்கப்பட்ட ஆறு ஓயாப்பொக் ஆறே எனப் பிரேசில் கூறியது. அது தெற்கே வெகுதொலைவிலுள்ள அரகுவாரி ஆறு எனப் பிரான்சு கூறியது. 1890களில் இப்பகுதியில் பொன் கண்டெடுக்கப்பட்டதால் பிணக்கு முற்றியது. 1895 மே மாதத்தில் அமாப்பா ஊரில் பிரெஞ்சுப் படையினருக்கும் பிரேசில் மக்களுக்கும் இடையே நடந்த மோதலில் இரு தரப்பிலும் பலர் உயிரிழந்தனர்.

1897 ஏப்ரல் 10 அன்று இரு நாடுகளும் பிணக்கைச் சுவிட்சர்லாந்துக் கூட்டாட்சி அரசின் தீர்ப்புக்கு விட உடன்பட்டன. ரியோ பிராங்கோ பிரேசிலின் சிறப்புத் தூதராக பெர்ன் நகருக்குச் சென்றார். ஜோவாக்கிம் கயெத்தானோ டா சில்வா என்ற பிரேசில் அறிஞர் 1861 இல் வெளியிட்ட ஓயாப்பொக் பற்றிய ஆய்வு நூல் இவருக்குப் பெரிதும் துணை செய்தது. பெலெம் நகர அருங்காட்சியகத்தின் இயக்குநராக இருந்த சுவிட்சர்லாந்து இயற்கையியலாளர் எமிலியோ கோயெல்டியும் உதவினார். 1900 டிசம்பர் 1 அன்று வெளியான தீர்ப்பு ஓயாப்பொக் ஆற்றையே எல்லையாக அறிவித்தது. இதன்மூலம் ஏறத்தாழ 2,60,000 சதுர கிலோமீட்டர் நிலத்தின் மீதான பிரேசிலின் உரிமை உறுதியானது. அக்காலத்தில் வல்லரசாக விளங்கிய ஒரு நாட்டுக்கு எதிராக, படைவலிமை குறைந்த ஒரு நாடு ஆவணங்களைக் கொண்டே வெற்றி பெற்றது குறிப்பிடத்தக்கது.

வெளியுறவு அமைச்சர்

1901 இல் ரியோ பிராங்கோ பெர்லினில் பிரேசிலின் தூதரானார். அடுத்த ஆண்டில் குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ரொட்ரிகெஸ் அல்வெஸ் இவரை வெளியுறவு அமைச்சராகுமாறு அழைத்தார். உடல்நலம், குடும்பச் சூழல் ஆகியவற்றைக் காரணம் காட்டி முதலில் தயங்கிய இவர், பின்னர் இசைந்தார். 1902 டிசம்பரில் ரியோ டி ஜனேரோ திரும்பியபோது மக்கள் பெருந்திரளாக வரவேற்றனர். கட்சி அரசியலில் எப்பக்கமும் சாராமல் இருந்தமையே இவர் பல ஆட்சிகளில் பதவியில் நீடித்ததற்குக் காரணம் எனக் கருதப்படுகின்றது.

ஆக்ரே பிணக்கு

பின்னணி

அமேசான் காட்டின் மேற்கிலுள்ள ஆக்ரே பகுதி, 1867 ஆம் ஆண்டு அயகூச்சோ உடன்படிக்கையின்படி பொலிவியாவுக்கு உரியதாகக் கருதப்பட்டது. பொலிவியாவின் மலைநகரங்களிலிருந்து இப்பகுதியை அடைவது மிகக் கடினம். ஆனால் பிரேசிலிலிருந்து ஆற்று வழியாக எளிதில் செல்ல முடிந்தது. 1877 இல் தொடங்கிய கடும் வறட்சியால் வடகிழக்குப் பிரேசிலின் சியாரா மாநிலத்திலிருந்து வெளியேறிய மக்கள், இரப்பர் பால் எடுக்கும் தொழிலுக்காக இக்காடுகளில் ஆயிரக்கணக்கில் குடியேறினர். இதனால் பொலிவியாவின் நிலத்தில் பிரேசில் மக்களே பெரும்பான்மையாக வாழும் நிலை ஏற்பட்டது.

1899 இல் பொலிவியா அங்கே சுங்கச்சாவடி அமைத்து வரி தண்டத் தொடங்கியது. குடியேறிகள் இதனை எதிர்த்தனர். 1901 இல் பொலிவியா, ஆங்கில, அமெரிக்க முதலீட்டாளர்களைக் கொண்ட பொலிவியன் சிண்டிகேட் என்ற நிறுவனத்துக்கு இப்பகுதியைக் குத்தகைக்கு விட்டது. வரி தண்டவும் காவற்படை வைத்திருக்கவும் அந்நிறுவனத்துக்கு உரிமை வழங்கப்பட்டது. ஆப்பிரிக்காவில் இத்தகைய நிறுவனங்களைத் தொடர்ந்து அயலார் ஆட்சி வந்ததை அறிந்திருந்த பிரேசில் அரசு அச்சமுற்றது. 1902 ஆகஸ்டில் பிளாசிதோ டி காஸ்த்ரோ என்ற முன்னாள் படைவீரரின் தலைமையில் இரப்பர்த் தொழிலாளர்கள் ஆயுதக் கிளர்ச்சி செய்தனர். 1903 சனவரியில் பொலிவியப் படை அவர்களிடம் சரணடைந்தது. பொலிவியாவின் குடியரசுத் தலைவர் ஜெனரல் பாண்டோ தாமே படை நடத்திப் புறப்பட்டார். இரு நாடுகளும் போரின் விளிம்பில் நின்றன.

தீர்வு

ரியோ பிராங்கோ இப்பிணக்கைப் படிப்படியாக அணுகினார். முதலில், 1867 உடன்படிக்கையின் எல்லைக்கோடு குறித்துப் பிரேசில் அதுவரை கொண்டிருந்த விளக்கத்தை மாற்றினார். தெற்கு அகலாங்கு 10 பாகை 20 கலை என்ற கோட்டுக்கு வடக்கேயுள்ள நிலம் பிணக்குக்குரியது என அறிவித்தார். அடுத்து, 1,10,000 பவுண்டு இழப்பீடு வழங்கிச் சிண்டிகேட் நிறுவனத்தைத் தன் உரிமைகளைக் கைவிடச் செய்தார். இதனால் வெளி வல்லரசுகள் தலையிடும் வாய்ப்பு நீங்கி, பிணக்கு இரு அண்டை நாடுகளுக்கு இடையிலானதாகச் சுருங்கியது. பின்னர் படைகளை அனுப்பிய அதே வேளையில், 1903 மார்ச்சு 21 அன்று இடைக்கால உடன்பாடு ஒன்றையும் செய்துகொண்டார்.

இறுதிப் பேச்சுவார்த்தை ரியோவுக்கு அருகிலுள்ள பெத்ரோப்போலிஸ் மலைநகரில் நடைபெற்றது. பிரேசில் தரப்பில் ரியோ பிராங்கோவுடன் அசிஸ் பிரசில், ரூய் பார்போசா ஆகியோரும், பொலிவியா தரப்பில் பெர்னாண்டோ குவாச்சாயா, கிளாவுடியோ பினியா ஆகியோரும் பங்கேற்றனர். பொலிவியாவுக்கு விட்டுக்கொடுப்பவை மிகுதி எனக் கருதிய ரூய் பார்போசா இடையில் விலகினார். 1903 நவம்பர் 17 அன்று பெத்ரோப்போலிஸ் உடன்படிக்கை கையொப்பமானது. அதன் முதன்மைக் கூறுகள் வருமாறு:

- ஏறத்தாழ 1,91,000 சதுர கிலோமீட்டர் நிலம் பிரேசிலுக்கு உரியதாகும்.
- பிரேசில் பொலிவியாவுக்கு 20 இலட்சம் பவுண்டு வழங்கும்.
- பிரேசில் தன் எல்லையோரத்தில் சிறு நிலப்பகுதிகளைப் பொலிவியாவுக்கு அளிக்கும்.
- மதெய்ரா ஆற்றின் அருவிகளைத் தவிர்த்து, பொலிவியாவின் சரக்குகள் அமேசான் ஆற்றை அடைய ஏதுவாகப் பிரேசில் தன் நிலத்தில் தொடருந்துப் பாதை அமைக்கும்.

விளைவுகள்

பிரேசிலில் சிலர் இவ்வளவு பணம் கொடுத்ததைக் கண்டித்தனர். பொலிவியாவிலோ நாட்டின் நிலம் விற்கப்பட்டதாகக் குறை எழுந்தது. எனினும் இரு நாட்டு நாடாளுமன்றங்களும் உடன்படிக்கைக்கு ஒப்புதல் அளித்தன. மதெய்ரா–மமோரே தொடருந்துப் பாதை 1907 முதல் 1912 வரை 366 கிலோமீட்டர் நீளத்துக்கு அமைக்கப்பட்டது. மலேரியா முதலான நோய்களால் ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் இப்பணியில் மாண்டனர். பாதை நிறைவுற்ற காலத்தில் அமேசான் இரப்பரின் வணிகம் சரியத் தொடங்கிவிட்டது. 1876 இல் அமேசானிலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட விதைகளிலிருந்து மலாயாவிலும் இலங்கையிலும் உருவான தோட்டங்களே இதற்குக் காரணம். தமிழ்த் தொழிலாளர்கள் பெருமளவில் உழைத்த இத்தோட்டங்களின் இரப்பர் விலை குறைவாக இருந்தது. இதனால் பொலிவியா எதிர்பார்த்த பயன் முழுமையாகக் கிட்டவில்லை.

பிற எல்லை உடன்பாடுகள்

பிரித்தானிய கயானா எல்லை குறித்த வழக்கில் பிரேசிலுக்காக ஜோவாக்கிம் நபூக்கோ வாதாடினார். 1904 இல் இத்தாலி மன்னர் அளித்த தீர்ப்பு, பிணக்குக்குரிய நிலத்தின் பெரும்பகுதியைப் பிரித்தானியாவுக்கு வழங்கியது. இதன் பின்னர் ரியோ பிராங்கோ நடுவர் தீர்ப்பை விட நேரடிப் பேச்சுவார்த்தையையே விரும்பினார். ஒரு நிலத்தில் உண்மையில் குடியிருந்து அதனை ஆள்பவருக்கே அந்நிலம் உரியது என்ற உட்டி பொசிடெட்டிஸ் கோட்பாட்டை இவர் பேச்சுவார்த்தைகளில் அடிப்படையாகக் கொண்டார். இவரது காலத்தில் ஏற்பட்ட பிற முக்கிய உடன்பாடுகள்:

- 1904: எக்குவடோர்
- 1906: நெதர்லாந்து (சுரிநாம் எல்லை)
- 1907: கொலம்பியா
- 1909: பெரு
- 1909: உருகுவே

ஆக்ரே பகுதிக்குப் பெருவும் உரிமை கோரியதால் 1904 இல் மோதல்கள் நிகழ்ந்தன. இரு நாடுகளின் கூட்டு ஆய்வுக்குழுக்கள் ஆறுகளின் தோற்றுவாய் வரை சென்று அளவிட்டன. புரூஸ் ஆற்றுக்குச் சென்ற குழுவின் பிரேசில் பிரிவுக்கு எழுத்தாளர் யூக்ளிதெஸ் டா குன்யா தலைமை தாங்கினார். 1909 செப்டம்பர் 8 அன்று உடன்படிக்கை கையொப்பமானது.

உருகுவேயுடனான உடன்பாடு தனித்தன்மை வாய்ந்தது. 1851 ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி மிரிம் கடற்கழியிலும் ஜகுவரோன் ஆற்றிலும் பிரேசில் மட்டுமே கலம் செலுத்த முடியும். உருகுவே நெடுங்காலமாக இதனை மாற்றக் கோரி வந்தது. 1909 இல் ரியோ பிராங்கோ எவ்வித ஈடும் கேளாமல் இவ்விரு நீர்நிலைகளிலும் உருகுவேக்குப் பங்களித்தார். உருகுவேயின் எல்லை நகரான ரியோ பிராங்கோ இவரது பெயரைத் தாங்கியுள்ளது.

அமெரிக்க நாடுகளுடன் உறவு

1905 இல் வாஷிங்டனிலிருந்த பிரேசில் தூதரகம் முழுநிலைத் தூதரகமாக உயர்த்தப்பட்டு, நபூக்கோ முதல் முழுநிலைத் தூதராக அனுப்பப்பட்டார். 1906 இல் மூன்றாவது அனைத்து அமெரிக்க மாநாடு ரியோ டி ஜனேரோவில் நடைபெற்றது. 1907 இல் ஹேக் அமைதி மாநாட்டுக்குத் தம்முடன் முன்னர் முரண்பட்ட ரூய் பார்போசாவையே பிரேசிலின் சார்பாளராக இவர் அனுப்பினார்.

அர்ஜென்டினாவுடனான உறவு சிலகாலம் கசப்புற்றிருந்தது. பிரேசில் புதிய போர்க்கப்பல்களை வாங்க முற்பட்டது அங்கே ஐயத்தை எழுப்பியது. 1908 இல், பல்மாஸ் வழக்கில் தோற்ற செபாயோஸ், பிரேசிலின் கமுக்கத் தந்தி ஒன்று அர்ஜென்டினாவுக்கு எதிராகச் சிலியைத் தூண்டுவதாகக் குற்றம் சாட்டினார். ரியோ பிராங்கோ அத்தந்தியின் மூலத்தையும், அதன் மறைகுறியீட்டு முறையையும் வெளியிட்டு, பரப்பப்பட்ட வாசகம் பொய்யானது என நிறுவினார். ஒரு நாடு தன் மறைகுறியீட்டைத் தானே வெளிப்படுத்துவது அரிதான செயலாகும். அர்ஜென்டினா, பிரேசில், சிலி ஆகிய மூன்று நாடுகளின் நல்லுறவு உடன்படிக்கை ஒன்றையும் இவர் ஆதரித்தார். அத்தகைய உடன்படிக்கை இவரது இறப்புக்குப் பின்னர் 1915 இல் கையொப்பமானது.

இறுதிக் காலம்

ரியோ பிராங்கோ தமது அமைச்சகம் இயங்கிய இத்தாமரத்தி மாளிகையிலேயே பெரும்பாலும் தங்கிப் பணியாற்றினார். நிலப்படங்களும் கோப்புகளும் நிறைந்த மேசைகளிடையே இரவு நெடுநேரம் வரை வேலை செய்வது இவரது வழக்கம். பிரேசில் இலக்கியக் கழகத்தின் உறுப்பினராகவும், பிரேசில் வரலாற்று புவியியல் நிறுவனத்தின் தலைவராகவும் இருந்தார். சிறுநீரக நோயால் துன்புற்ற இவர், 1912 பெப்ரவரி 10 அன்று அம்மாளிகையிலேயே காலமானார். துக்கத்தை முன்னிட்டு அவ்வாண்டின் கார்னிவல் திருவிழா ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ஆனால் மக்கள் பெப்ரவரியிலும் ஏப்ரலிலும் என இருமுறை விழாக் கொண்டாடினர்.

மதிப்பீடு

இவர் முயற்சியால் பிரேசிலுக்கு உறுதியான நிலப்பரப்பு ஏறத்தாழ 9,00,000 சதுர கிலோமீட்டர் எனப் பொதுவாகக் கூறப்படுகின்றது. பத்து அரசியல் பகுதிகளுடன் எல்லையைப் பகிரும் பிரேசில், இவருக்குப் பின்னர் எல்லைக்காக எந்த அண்டை நாட்டுடனும் போரிட்டதில்லை.

இவரது பணி குறித்து விமர்சனங்களும் உள்ளன. ஆக்ரேயில் ஆயுதக் கிளர்ச்சி ஏற்படுத்திய நிலையையும் பிரேசிலின் படைபலத்தையும் இவர் பேச்சுவார்த்தையில் பயன்படுத்திக்கொண்டார் என்பது பொலிவியர்களின் கருத்து. இந்நிலங்களில் தொன்றுதொட்டு வாழ்ந்த பழங்குடி மக்களின் கருத்து எந்தப் பேச்சுவார்த்தையிலும் கேட்கப்படவில்லை. குடியிருப்பவருக்கே நிலம் என்ற கோட்பாடு அவர்களைக் கணக்கில் கொள்ளவில்லை. நாவலாசிரியர் லீமா பரேட்டோ, இவர் காலத்துத் தூதுவத்துறையின் உயர்குடிப் போக்கைக் கடுமையாகச் சாடினார்.

நினைவுகள்

- ஆக்ரேயின் தலைநகர் ரியோ பிராங்கோ என இவர் பெயரால் வழங்குகின்றது. ஆக்ரே 1962 இல் மாநிலமானது.
- ரியோ டி ஜனேரோவின் நடுச்சாலைக்கு 1912 இல் ரியோ பிராங்கோ சாலை எனப் பெயரிடப்பட்டது.
- இவரது நூற்றாண்டான 1945 இல், தூதர்களுக்குப் பயிற்சி அளிக்கும் ரியோ பிராங்கோ நிறுவனம் தோற்றுவிக்கப்பட்டது.
- இவரது பிறந்த நாளான ஏப்ரல் 20, பிரேசிலில் தூதர் நாளாகக் கொண்டாடப்படுகின்றது.
- பிரேசிலின் 50 சென்டாவோ நாணயத்தில் இவரது உருவம் பொறிக்கப்பட்டுள்ளது.